உவர்த் தண்ணீரும் பிரேக் குழாயும்

எங்கள் தீவுக் கிராமமான சரவணையிலிருந்து யாழ்ப்பாணம் போகையில், பண்ணைப் பாலத்தில் என் காரின் பிரேக் பிடிக்கவில்லை. இருபக்கமும் கடல். கைப்பிரேக்கை இழுத்துத்தான் உயிர் தப்பினேன்.

வாங்கி இரண்டே வருடத்தில் பிரேக் குழாய் துருப்பிடித்து உடைந்திருந்தது. கிணற்று உவர்த் தண்ணீரால் காரைத் தினமும் கழுவியது என் பிழைதான். அதையே சாட்டி, கார்க் கம்பனி கையை விரித்தது.

இப்போது அவர்களுக்கு விற்பனை படுத்துவிட்டதாம். போன மாதம் கம்பனி ஆள் ஒருவர், பரிசாக ஒரு குடையோடு வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, புது மொடலை விலை குறைச்சுத் தாறம்."

"அதின்ர குழாய் உப்புக்கு நிக்குமோ?"

"நீங்கள் நல்ல தண்ணியால கழுவோணும்."

"எங்களுக்குக் குடிக்கிற தண்ணியே பவுசர் லொறியில வருது. குடையைக் கொண்டுபோம். குழாயைத் திருத்திப்போட்டு வாரும்!"

இப்போதெல்லாம் எந்தக் காரையும் பாய் விரித்து, அடியில் படுத்துத்தான் பார்க்கிறேன். விற்பவரையும் பக்கத்தில் படுக்கச் சொல்கிறேன். இதுவரை ஒருவரும் படுக்கவில்லை, நானும் வாங்கவில்லை.