நாற்பத்திரண்டாவது சாமான்

கோலப்பன் அண்ணாச்சியிடம் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. நான் ஐந்து வருஷம் பட்டுப் பார்த்துவிட்டேன், அதனால் சொல்கிறேன். நாம் கத்தினால் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார். கத்தி முடிந்ததும், "செரி ஜெப்சா, அந்த ரேடியேட்டர் ஹோஸ் வந்தாச்சா?" என்பார். எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

மணவாளக்குறிச்சியிலிருந்து முட்டம் போகிற வழியில் என் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. கையாள் கிடையாது, நான் ஒருவன்தான். பின்சுவருக்கு அந்தப் பக்கம் நாலு தென்னை, அதற்கப்புறம் கடல். அண்ணாச்சிக்கு ஊர் தோவாளை. இங்கே மணல் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். வாங்கிய நாளிலிருந்து அவருடைய வண்டிக்கு நான்தான் வைத்தியன். தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து வெள்ளை செடான். கார் கம்பெனிக்காரனே அந்த மாடலை மறந்துவிட்டான், அண்ணாச்சி மறக்கவில்லை.

அவருக்கு ஒரே மகள், அஞ்சு. பள்ளிக்கூடம் படிக்கும்போதே தாயை இழந்த பிள்ளை. அவள் கோபமெல்லாம் அந்த வண்டி மேல்தான். திருநெல்வேலிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஆரல்வாய்மொழி கணவாயில் ஆடிக்காற்று முகத்தில் அறையும். வண்டி முக்கும், முனகும். அண்ணாச்சி ஏசியை அணைத்துவிட்டு மூன்றாம் கியருக்கு இறங்குவார். மாட்டு வண்டி கூட முந்திப் போகும் என்று பிள்ளை பின்சீட்டில் இருந்து சிரிக்கும். பெரியவளாகி ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படித்தாள். கடைசி வருஷ லீவுக்கு வந்தவள் ஒரு நீள நோட்டைத் தூக்கிக்கொண்டு நேராக என் ஒர்க்‌ஷாப்பில் வந்து நின்றாள்.

"அங்கிள், இந்தக் கெழட்டு எஞ்சின கழத்திப் போட்டுட்டு டர்போ வைக்கப் போறோம். கணவாய்க் காத்துல அஞ்சாம் கியர்ல வரணும், ஏசியும் ஓடணும்."

நான் சிரித்தேன். நோட்டைப் பிரித்துப் பார்த்தபிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அதே கம்பெனியின் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின். அதை எங்கே தாங்கிப் பிடிக்க வேண்டும், சூடான காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலர் பம்பருக்குப் பின்னால் எவ்வளவு இடம் கேட்கும், பெட்ரோல் பம்ப் எவ்வளவு அழுத்தத்தில் தள்ள வேண்டும், பிரேக் எப்படிப் பெரிதாக்க வேண்டும், ஆர்.டி.ஓ. ஆபீசில் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும், எல்லாம் படம் போட்டு வைத்திருந்தாள். அடுத்த பக்கத்தில் அண்ணாச்சி தன் ஸ்டோர் கையெழுத்தில் பட்டியல் எழுதியிருந்தார். நாற்பத்தோரு சாமான். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம்: தேவை, கைவசம். முதல் பக்கத்தின் தலையில் அஞ்சுவின் எழுத்தில் ஒரு வரி: 'முதல் ஸ்டார்ட்: அஞ்சு.'

இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டுதான் அந்த பிளானைப் போட்டார்கள். அப்போது அண்ணாச்சி பேசுவார், நன்றாகவே பேசுவார். அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிறகு அஞ்சுவுக்குச் சென்னையில் ஒரு எஞ்சின் கம்பெனியில் வேலை கிடைத்தது. அடுத்த வருஷமே கூடப் படித்த டெனிஷை ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். டெனிஷ் முட்டத்துக்காரன், கடல்காரக் குடும்பம். இவர்கள் சிவபூஜை பண்ணுகிற, மீனைக் கண்டால் மூக்கைப் பொத்துகிற வீடு. ஊரே வாயைத் திறந்தது, அண்ணாச்சி திறக்கவில்லை. சேதி வந்த அன்றைக்குச் சோறு பொங்கி, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்திருக்கிறார். மறுநாள் காலை வண்டியைக் கொண்டுவந்து என் பின்பக்கத்தில் நிறுத்தினார்.

"இங்க கெடக்கட்டு. வீட்டுல பாக்க முடியல."

"அப்போ பிளான் வேண்டாமா அண்ணாச்சி?"

"வேண்டாம்னு யாரு சொன்னா? நாப்பத்தொண்ணும் கைக்கு வந்த பொறவு தொறக்கலாம். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது."

அது ஸ்டோர்காரர் புத்தி. பட்டியல் நிறையாமல் வேலை தொடங்கக்கூடாது. பெரிய தார்ப்பாய் ஒன்று கொண்டுவந்திருந்தார். தோவாளைப் பக்கம் மழைக்கு முன்னால் வைக்கோல் படப்பை மூடுவார்களே, அதே மாதிரி வண்டியைத் தலை முதல் கால் வரை மூடினார். கயிற்றை இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டு, நாலு மூலைக்கும் கல் வைத்தார். ஒரு ஓட்டை இல்லை. வயல்காட்டுக்காரன் வைக்கோலைக் காப்பாற்றுகிற வித்தை அது. கடற்கரையில் நாங்கள் ஒரு சைக்கிளைக்கூட அப்படி மூட மாட்டோம். வண்டியைக் காற்றாடத் திறந்து போட்டு, சனிக்கிழமை தவறாமல் நல்ல வெள்ளம் ஊற்றிக் கழுவுவோம். உப்புக்காற்று உள்ளே போகும் வழியை யாராலும் அடைக்க முடியாது. மூடினால் அது வெளியே வராது, அவ்வளவுதான்.

முதல் மழைக்காலம் முடிந்ததும் நான் சொன்னேன். "அண்ணாச்சி, இது கடக்கரையாக்கும். மூடிப் போட்டா உள்ள வேர்க்கும். அவுத்துப் போடுங்கோ, நான் வாரம் ஒருக்க வெள்ளம் ஊத்துகேன்."

"மழ படும்லா" என்றார்.

"படட்டுமே!"

"நாந்தான் கெட்டியா கெட்டியிருக்கேனே. நீ தொடாத."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சவம், எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அப்படி விட்டதற்கு இன்றைக்கும் என்னை நானே ஏசிக்கொள்கிறேன். அவர் கேட்கவில்லை என்றால் என்ன? ஊரறியாமல் ஒரு நாள் கயிற்றை அறுத்திருக்க வேண்டியதுதானே?

நாலு வருஷம் அவர் மாசம் ஒருமுறை பஸ்ஸில் வந்தார். மடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் இருக்கும். ஒரு மாசம் டர்போவுக்கு எண்ணெய் போகும் குழாய், ஒரு மாசம் வயரிங் சுருள், ஒரு மாசம் பிரேக் டிஸ்க். என் பெஞ்சில் வைத்து, துடைத்து, 'கைவசம்' கட்டத்தில் ஒரு டிக் போடுவார். சந்தேகம் வந்தால், "அந்த பிளான் போட்ட ஆளுகிட்ட கேளு" என்பார். மகள் என்று சொல்ல மாட்டார். பேரும் சொல்ல மாட்டார். நான் போன் போடுவேன். அவள் அளவு சொல்லுவாள், மில்லிமீட்டர் பிசகாது. கடைசியில் மட்டும் குரல் இறங்கிக் கேட்பாள்: "வேற ஏதாவது கேட்டாங்களா அங்கிள்?"

"இல்ல மக்ளே."

இவரோ பக்கத்திலேயே நின்றுகொண்டு அளவை எழுதிக்கொள்வார். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்டால் நாக்கு அறுந்துவிடுமா? ஒரு தடவை பொறுக்க மாட்டாமல் நேராகவே கேட்டுவிட்டேன். "அண்ணாச்சி, ஒங்களுக்கு வெசனமே இல்லியா?"

கன்னத்தைத் தடவிக்கொண்டார். "ஒண்ணும் தோணல ஜெப்சா. பல்லு புடுங்க ஊசி போட்டா கன்னம் ஒருமாதிரி கெடக்குமே, அதுமாதிரி கெடக்கு." பிறகு நோட்டைத் திறந்து முதல் பக்கத்தைக் காட்டினார். 'முதல் ஸ்டார்ட்: அஞ்சு.' அதன்மேல் ஒரு கோடுகூடக் கிழிக்கவில்லை. "ஸ்டார்ட் ஆற அன்னைக்கு வந்துதானே ஆகணும். எழுதிக் குடுத்திருக்குல்லா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வா என்று இவர் வாயால் கூப்பிடப் போவதில்லை. வண்டி கூப்பிட வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பொட்டலம். எனக்குக் கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது.

போன மாசியில் நாற்பத்தோராவது சாமான் வந்தது. அதுதான் எஞ்சின். பின்னால் இடிபட்ட ஒரு வண்டியிலிருந்து கழற்றியது, கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்தது. வியாழக்கிழமை காலை அண்ணாச்சி வெள்ளைச் சட்டை, திருநீறு சகிதம் வந்து நின்றார். டிக் போட்டார். "தொறப்போம்" என்றார்.

முடிச்சு ஒன்றும் அவிழவில்லை, கத்தி வைத்து அறுத்தேன். தார்ப்பாயை உருவியதும் ஒரு வாடை வந்தது, மூடிக்கிடந்த கிணற்றின் வாடை. பெயின்ட் பொரிப்பொரியாகப் பொங்கியிருந்தது. ஆனாலும் மேல்துருவாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மத்தியானத்துக்குள் செயின் பிளாக் போட்டுப் பழைய எஞ்சினைத் தூக்கி வெளியே வைத்தோம். எஞ்சின் இருந்த குழிக்குள் குனிந்து, புது எஞ்சினைத் தாங்க வேண்டிய சேஸ் இரும்பை ஸ்குரூடிரைவரால் தட்டிப் பார்த்தேன். தட்டக்கூட இல்லை, வைத்தேன். பப்படம் நொறுங்குகிற மாதிரி உள்ளே போய்விட்டது. மறுபக்கமும் அப்படியே. கதவைத் திறந்து கால்மிதியைத் தூக்கினால் கீழே மண் தெரிகிறது.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "ம்" என்றார். "வேற எடத்துல வெல்டு வைக்கலாமா?"

"எங்க வைக்க? எங்க வைக்கன்னு கேக்கேன்! இரும்பு இருந்தால்லா வெல்டு வைக்க முடியும்? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அவுத்துப் போடுங்கோன்னு! மழ படும், மழ படும்னு மூட்டமா கெட்டி வச்சு அவிச்சுப் போட்டுட்டியளே அண்ணாச்சி!" கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் எறிந்தேன். அவர்மேல் இருந்த கோபத்தைவிட என்மேல் இருந்த கோபம்தான் அதிகம்.

அவர் வழக்கம்போல் கேட்டுக்கொண்டு நின்றார். நான் ஓய்ந்ததும் எஞ்சின் வந்த மரப்பெட்டிமேல் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்து, பட்டியலின் அடியில் அழகாக எழுதினார். '42. கார் (எஞ்சின் இல்லாமல்).' தேவை கட்டத்தில் ஒரு டிக்.

"இதே மாடலு நல்ல பாடி எங்கயாவது கெடைக்கும். அந்த பிளான் போட்ட ஆளுகிட்ட கேளு, எந்த வருசத்து பாடி சேரும்னு."

அட சவமே என்று தலையில் அடித்துக்கொண்டேன். இன்னும் நாலு வருஷமா? அறுபத்திரண்டு வயசு மனுஷன். அதோடு எனக்கு இன்னொன்றும் தெரியும். டெனிஷ் வீட்டில் ஒரு ஞானஸ்நானத்துக்காக அஞ்சு செவ்வாய்க்கிழமையே முட்டத்துக்கு வந்துவிட்டாள். 'ஒரு வாரம் இங்கதான் அங்கிள், அப்பாகிட்ட சொல்லண்டாம்' என்று எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். முட்டம் இங்கிருந்து இருபது நிமிஷம். நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை அவர் கையில் திணித்தேன்.

"நீங்களே கேளுங்கோ. எனக்கு வாய் நோவுது."

"சொல்லுங்க அங்கிள்" என்றது போன்.

அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திருப்பித் தந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"சேஸ் போச்சு" என்றார்.

அவர் விரல் நோட்டிலிருந்த பட்டியலில் ஓடியது.

"ரெண்டு பக்கமும் போச்சு. தரையும் போச்சு. எஞ்சின் வந்தாச்சு. நாப்பத்தொண்ணும் கைவசம் இருக்கு. வைக்க எடம் இல்ல."

"அப்பா..."

"மூடித்தான் போட்டிருந்தேன்."

"வண்டிதானேப்பா, போனா போட்டும்."

"மொத ஸ்டார்ட் நீன்னு எழுதியிருக்கு." ஸ்டோர் ரூமில் சாமான் இல்லை என்று சொல்கிற அதே குரல். "அது இனி ஸ்டார்ட் ஆகாது." பேனா மூடியைத் திறந்தார், மூடினார். "ஸ்டார்ட் ஆகாட்டியும் வா."

போனில் அழுகை கேட்டது. அவர் அதை என்னிடம் நீட்டினார். "அழுகா. நீ பேசு."

"எங்க இருக்கன்னு அப்பாகிட்ட சொல்லு மக்ளே" என்றேன்.

"முட்டத்துலதான்பா இருக்கேன். செவ்வாக்கெழமையே வந்தாச்சு. இப்பமே வாறேன். அவங்க பைக்குல கொண்டு விடுவாங்க. வாசல்ல எறக்கிவிட்டுட்டுப் போயிருவாங்கப்பா, உள்ள வரமாட்டாங்க."

அண்ணாச்சி நோட்டை மூடிப் பெட்டிமேல் வைத்தார். போன் அணைந்தபிறகு, "ஒனக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார். தெரியும் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். குழாயடியில் போய்ச் சோப்புத்தூள் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினார். வெள்ளைச் சட்டையில் கிரீஸ் பட்டிருந்த இடத்தையும் தண்ணீர் தொட்டுத் தேய்த்தார், அது போகவில்லை. இரும்பு நாற்காலியைத் தூக்கி நிழலில் போட்டார்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. "பிள்ள வருகதுக்குள்ள மூணு டீ சொல்லிட்டு வாறேன் அண்ணாச்சி" என்று ரோட்டுக்கு நடந்தேன்.

"ஜெப்சா."

திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, முட்டத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு சொல்லு" என்றார்.