எனக்காக அவர் பிடித்த வெள்ளி

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். இடையில் தேத்தண்ணி போட எழும்பிப் போனாளென்றால், விட்ட இடம் எனக்கு மறந்துபோகும்.

என் இருதயத்தில் ஒரு வால்வு இறுகிவிட்டது என்று டொக்டர் சொன்னபோது, பக்கத்தில் நின்ற என் மனிசன் உடனே கேட்டார்.

“கிணத்து மிசின்ரை வால்வு மாதிரியோ டொக்டர்?”

“கிட்டத்தட்ட அப்பிடித்தான் ஐயா. புதுசு மாத்தவேணும்.”

“மிசினெண்டால் நானே மாத்திப்போடுவன்.”

எங்கள் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற மிசினை இவர் அடிக்கடி கழற்றிப் பூட்டுவார். பூட்டி முடிய ஏதாவது ஒரு ஆணி மிஞ்சியிருக்கும். அது வேறு கதை.

ஒப்பரேசனுக்கு முன்னர் கந்தசஷ்டி வந்தது. குமராக இருந்த காலம் தொட்டு ஆறு நாளும் மிளகும் தண்ணீருமாய் விரதம் பிடிக்கிறவள் நான். இந்த முறை விடுவேனா? அதோடு, ஒப்பரேசன் முடியும்வரை வெள்ளிக்கிழமைகளில் ஒருநேரப் பாலோடு இருப்பதாகவும் முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். ஏற்கெனவே மூச்சு வாங்குவதால் சோறு இறங்குவது குறைவு. சட்டைகள் தோளில் நிற்காமல் வழுகின. மகள் சட்டையைப் பிடித்து ஊசி குத்தித் தந்தாள்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் என்னைக் கதிரையில் இருத்தினார்.

“கை ஊண்டாமல் எழும்புங்கோ பாப்பம் அம்மா.”

எழும்ப முடியவில்லை. முழங்கால் வெடவெடத்தது.

“ஒழுங்காச் சாப்பிடுறேல்லையோ?”

“சஷ்டி பிடிச்சனான் டொக்டர். என்ரை நெஞ்சைத் திறக்கேக்கை உங்கடை கை நடுங்கக்கூடாதெல்லோ.”

அவர் சிரிக்காமல்தான் சொன்னார். “என்ரை கை நடுங்காது அம்மா. இப்ப உங்கடை கால்தான் நடுங்குது. இந்த உடம்பிலை கத்தி வைச்சால் புண் ஆறாது, படுக்கையிலை போட்டிடும். முட்டை, மீன், பருப்பு, பால் எல்லாம் சாப்பிட்டுக் கொஞ்சம் தசை பிடிச்சுக்கொண்டு வாங்கோ. அதுக்குப் பிறகுதான் நாள் குறிப்பன்.”

வீடு வந்தும் நான் மசியவில்லை. நேர்ந்ததை எப்படி முறிப்பது? மகள் அழுவாள்போல நின்றாள். அப்போதுதான் இவர் வாய் திறந்தார்.

“நேத்தி இந்த வீட்டு நேத்திதானே. மிச்ச வெள்ளியளை நான் பிடிக்கிறன். நீ சாப்பிடு.”

“அப்பா, நீங்கள் மரக்கறிச் சோறெண்டாலே முகத்தைத் தொங்கப்போடுறனீங்கள்,” என்றாள் மகள்.

“அதுதான் முருகனுக்கு இது பெரிசாத் தெரியும்.”

பிறகென்ன, பெரியபிள்ளையாகிச் சாமத்தியப்பட்டவளுக்குத் தீத்துவதுபோல மகள் எனக்கு வாயில் தீத்தினாள். நல்லெண்ணெய் விட்ட உழுத்தங்களி, அவித்த முட்டை, இவர் மயிலிட்டிக்குச் சைக்கிளில் போய் வாங்கிவந்த மீனில் சொதி. “இன்னும் கொஞ்ச நாளிலை தண்ணி வார்த்துச் சாமத்தியச் சீலையும் உடுத்துவம்,” என்று பகிடி விட்டார் மனிசன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பகிடி வராது. என் களிக் கோப்பைக்கு எதிரே இருந்து சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கிளினிக்கில் உடற்பயிற்சி பழக்குகிற பிள்ளை காட்டித் தந்தபடி கதிரையிலிருந்து எழும்பி எழும்பி இருக்கவும் பழகினேன். டீவி நாடகத்தில் விளம்பரம் வரும்போதெல்லாம் எழும்புவேன். எங்கள் நாடகங்களில் விளம்பரத்துக்கு என்ன குறை.

திரும்பப் போனபோது டொக்டர் கேட்கமுன்னரே கை ஊன்றாமல் எழும்பி நின்றேன். அவர் நாள் குறித்தார்.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. வார்ட்டுக்கு மாற்றிய அன்று மகள் குழைசோறு தீத்தினாள். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. வாசலில் நின்ற மனிசன் எட்டிப் பார்த்தார்.

“சாப்பிட்டவளோ?”

“வழிச்சுத் துடைச்சாச்சு. இன்னும் கேக்கிறா. அதுசரி, ஒப்பரேசனோடை நேத்தி முடிஞ்சுதெல்லோ, நீங்கள் ஏன் இன்னும் சாப்பிடேல்லை?”

“இவள் முதல் சாப்பிடட்டுமெண்டு நிண்டனான்.”

போனவர் கன்ரீன் வடையோடு திரும்பி வந்து, கட்டிலடியில் நின்றே கடித்தார். மற்றப் பாதியைப் பிய்த்து என் வாயடிக்குக் கொண்டுவந்தார். நேர்ஸ் கண்டுவிட்டாள்.

“ஐயா, அம்மாவுக்கு உது இப்ப வேண்டாம்.”

“இவளின்ரை பங்கை நான் எடுத்துப் பழகிப்போச்சு பிள்ளை,” என்று சொல்லி அதையும் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார்.