வேலிக்கு வெளியே இரண்டு பிள்ளைகள்

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு மருத்துவச்சி இருந்தாள். குள்ளமானவள். எதைக் கேட்டாலும் வாயிலிருக்கும் வெற்றிலையைத் துப்பிய பிறகுதான் பதில் சொல்வாள்.

அவள் பிள்ளை ஞானஸ்நானம் பெறாமல் செத்தபோது, அதற்கு மோட்சம் இல்லையென்று உபதேசியார் கல்லறை வேலிக்கு வெளியே புதைக்கச் சொன்னார். சாமியார் வராத நாட்களில் கோயில் அவர் பொறுப்பு. குழி வெட்டியது நான்.

பிறகொரு வருடம் உபதேசியாரின் பிள்ளை அவள் கையில் பிறந்தது. அவர் வந்து சேருவதற்குள் செத்தும் போனது. சாகிற பிள்ளைக்கு யாரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம்.

"தண்ணி ஊத்துனியாம்மா?" என்று அவர் கெஞ்சினார்.

அவள் மென்றுகொண்டே இருந்தாள். லயத்து வரிசை வீட்டு ஆட்களெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தான் சொன்ன சட்டத்தைத் தானே மீற முடியாமல், அவர் வேலிக்கு வெளியே கைகாட்டினார். அவள் பிள்ளைக்குப் பக்கத்திலேயே வெட்டினேன்.

மண்ணை மூடியதும் அவள் துப்பினாள்.

"ஊத்துனேன். செபமும் சொன்னேன். மூடுன குழிய தோண்ட உங்களுக்கு மனசு வராது. வேலிய நகத்துங்க, உபதேசியாரே. நகத்துனா ரெண்டும் உள்ள வரும்."

மறுநாள் வேலியை நகர்த்தியதும் நான்தான். உண்மையிலேயே ஊற்றினாளா என்று ஒருநாள் தனியாகக் கேட்டேன். அவள் துப்பவில்லை.