நாலில் ஒன்றை விடு

பம்பின் அடிப்பட்டையை இரண்டு கால்களாலும் மிதித்துக்கொண்டு நின்றுவிட்டால் குக்கருக்கு வாய் சும்மா இருக்காது. பந்தயச் சைக்கிளின் ஒல்லி டயருக்கு அறுபது அடி காற்று வேண்டும். ஓர் அடிக்கு ஓர் ஆளைத் திட்டுவாள். முதல் அடி எப்போதும் பயிற்சியாளருக்கு. அடுத்தது, புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு "எல்லாம் சாஞ்சு தெரியுதே" என்று நேற்றுக் கடையில் கால்மணி நேரம் வாதாடிய வாடிக்கையாளருக்கு. "தலையச் சாச்சு வச்சுக்கிட்டு உலகம் சாஞ்சிருக்குன்னா, அதுக்கு நானா பொறுப்பு?" என்று கைப்பிடியை ஓங்கி இறக்குவாள். இருபது அடிக்குள் திட்ட ஆள் தீர்ந்துபோகும். மறுபடி பயிற்சியாளரிடமிருந்து தொடங்குவாள். டயர் கல்லாகும்போது முகம் தெளிந்திருக்கும். குக்கர் என்று பேர் வைத்தது அண்ணன்தான். "விசில் வருது, தள்ளி நில்லும்மா" என்று அம்மாவை எச்சரிப்பான்.

இருபத்துமூன்று வயது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. வட்டமாக வந்திறங்கும் கண்ணாடிகளைச் சட்டத்துக்குள் உட்காரும்படி தேய்த்துப் பொருத்துவது அவள் பொறுப்பு. அரை மில்லிமீட்டர் தள்ளினால் போட்டவருக்குத் தலைவலி. அதனாலோ என்னவோ, 'சுமாரா', 'பாத்துக்கலாம்' என்ற பேச்செல்லாம் அவளுக்கு ஆகாது. எப்போது வருவாய் என்று கேட்டு, "ஒரு எட்டு, எட்டரைக்கு" என்று பதில் வந்தால், "எட்டா, எட்டரையா? அதுக்கு நடுவுல நான் பதினெட்டு கிலோமீட்டர் போயிடுவேன்" என்பாள்.

மாலையில் கல்லூரி, கண் பரிசோதனைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. புத்தகத்தைப் பிரித்து உட்கார நேரம் கிடையாது. பாடத்தைத் தானே வாசித்து செல்போனில் பதிந்துகொண்டு, காலைப் பயிற்சியின்போது ஒற்றைக் காதில் மாட்டிக் கேட்பாள். "விழித்திரையின் பத்து அடுக்குகளாவன..." என்று போகிற பாடத்தின் குறுக்கே "டேய் வக்கீல், செருப்ப விடு!" என்று ஓர் அதட்டல் வரும். தொடர்ந்து குரைப்பு. பரீட்சையில் நினைவு முரண்டு பிடித்தால், அந்தக் குரைப்பில் கால்வைத்துத்தான் ஏழாவது அடுக்குக்கு ஏறுவாள்.

வக்கீல் அவளுடைய நாய். எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசும் என்பதால் அந்தப் பெயர். ஐந்து வருஷத்துக்கு முன்பு அது ரயில்வே கேட் பக்கத்துத் தெருநாய். போகிற வருகிறவர்களையெல்லாம் விட்டுவிட்டு அவள் சைக்கிளை மட்டும் தினமும் துரத்தியது. ஒரு நாள் எட்டிப் பிடித்தும்விட்டது. வலது கெண்டைக்காலில் இரண்டு பல் தடம் இன்னும் இருக்கிறது. ஊசி போட்டுக்கொண்டு மறுநாளும் அதே வழியில்தான் போனாள். "நாய்க்குப் பயந்து ரோட்ட மாத்துவாங்களா?" மூன்றே மாதத்தில் நாயின் வாய்க்கு எட்டாத வேகம் வந்துவிட்டது. இந்த வேகத்தை யாரிடம் கற்றாய் என்று பயிற்சியாளர் கேட்டபோது, "ஒரு நாய்கிட்ட" என்றாள். அவர் அதைத் தன் போட்டிக்காரர் ஒருவருக்கு விழுந்த திட்டு என்று எண்ணி மகிழ்ந்தார். அப்புறம் ஒரு லாரி நாயின் இடுப்பை முறித்துப் போட்டது. தக்காளிப் பெட்டியில் வைத்து வீட்டுக்குத் தூக்கிவந்தாள். இன்று அதற்கு மூன்றரைக் கால். காலையும் இரவும் ரொட்டித் துண்டில் சுற்றிய மாத்திரை.

அவள் மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளின் பின்சக்கரம் 'கிர்ர்ர்' என்று பல்லைக் கடிக்கும். தெருமுனையில் அந்தச் சத்தம் எழும்போதே வக்கீல் வாசல் கம்பியில் மூக்கை நுழைத்துக்கொண்டு வழக்கைத் தொடங்கிவிடும். "காலங்காத்தால ரெண்டும் சேந்து ஊரக் கூட்டுதுங்க" என்பாள் அம்மா.

வேலை, படிப்பு, பந்தயம், நாய் என்று நாலையும் அவள் ஒருத்தி இழுப்பது, அவளைத் தவிர எல்லோருக்கும் களைப்பாக இருந்தது. பயிற்சியாளர் வேலையை விடச் சொன்னார். கடை முதலாளியம்மா சைக்கிளை விடச் சொன்னார். அம்மா, மாப்பிள்ளை வீட்டாரை மனதில் வைத்துக்கொண்டு, சைக்கிளையும் படிப்பையும் சேர்த்தே விடச் சொன்னாள். ஆளுக்கொன்று சொன்னவர்கள் நாய் விஷயத்தில் மட்டும் ஒரே கட்சி. நாய்க்குச் சம்பளமில்லை, பட்டமில்லை, பதக்கமுமில்லை. விட்டால் யாருக்கு நஷ்டம்?

போன வாரம் செவ்வாய்க்கிழமை, பயிற்சிக்கு ஓய்வு நாள், கல்லூரியிலிருந்து நடந்தே வந்தாள். வாசல் கம்பியில் மூக்கு இல்லை. தண்ணீர்க் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"மேம்பாலம் தாண்டி ஒரு குடோன்ல காவலுக்குக் கேட்டாங்க, குடுத்துட்டேன்" என்றான் அண்ணன். பார்சல் வேன் ஓட்டுகிறவன். போகிற இடமெல்லாம் அவனுக்குப் பழக்கம். "ஞாயித்துக்கிழமை தேர்வுப் பந்தயம். மறுநாள் பரீட்சை. கொஞ்சம் நிம்மதியா இரு. உன் நல்லதுக்குத்தான்."

"என் நல்லதுன்னா என்கிட்ட கேட்டியா?"

"கேட்டா நீ ஒத்துக்க மாட்டே."

"அப்புறம் அது எப்படிடா என் நல்லது? எந்த குடோன்?"

"பரீட்சை முடியட்டும், சொல்றேன்." சமாதானமாக இன்னொன்றும் சொன்னான். "உன் பின்சக்கரத்தப் பிரிச்சு கிரீஸ் அடைச்சு வச்சிருக்கேன். இனி வெண்ணெய் மாதிரி போகும், பாரு."

"ராத்திரி மாத்திரைய ரொட்டில சுத்திக் குடுக்கணும்னு அங்க சொன்னியா?"

அண்ணன் அங்கே சொல்லியிருக்கவில்லை. மாத்திரை என்று ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

"நாய்தானேடி. அதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று அம்மா நடுவில் வந்தாள்.

"விடு விடுங்கிறீங்களே, என்னை நாலா அரிஞ்சு ஆளுக்குப் பிடிச்ச துண்ட எடுத்துக்கப் போறீங்களா? நீங்க ஒரு துண்டையாவது இழுத்தீங்களா இதுவரைக்கும்?"

அதற்குப் பிறகு அண்ணனோடு அவள் பேசவில்லை. அழவுமில்லை. மறுநாள் காலை பம்ப் அடிக்கும்போது அறுபது அடியும் ஒரே ஆளுக்குப் போனது.

மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் நாற்பது குடோன்களாவது இருக்கும். எல்லாம் ஒரே உயரச் சுவர், ஒரே தகரக் கதவு. புதன் காலை பாதியை, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே சுற்றினாள். மீதிப் பாதியை வியாழன் காலை. லாரிகளின் உறுமலில் அவள் தொண்டை கட்டியதுதான் மிச்சம். இரண்டு நாளும் கடைக்கு ஒரு நிமிஷம் பிந்தவில்லை, வகுப்புக்கும் மட்டமில்லை, ஒரு கண்ணாடிகூட அளவு தப்பவில்லை. கோபம் வந்தால் கை நடுங்குகிறவர்கள் உண்டு. அவளுக்கு அப்போதுதான் கை நிதானப்படும்.

வியாழக்கிழமை திரும்பி வரும்போது, காதில் ஓடிய பாடத்தில் ஏழாவது அடுக்கு வந்தது. எப்போதோ சைக்கிளைத் துடைத்துக்கொண்டே பதிந்த பாடம். சக்கரம் சுழலும் 'கிர்ர்ர்'. அடுத்த நொடி வக்கீலின் குரைப்பு. அவள் நடு ரோட்டில் இறங்கினாள். சைக்கிளைத் தூக்கிப் பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டாள். கிரீஸ் தின்ற சக்கரம் ஊமையாகச் சுற்றியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருகிற ஜென்மமா அது? அதற்கு அவள் பெயர், குரல் எல்லாமே இந்தச் சத்தம்தான். "நாயத்தான் எடுத்தான்னு பாத்தா, கூப்பிடுற வாயையும் அடைச்சு வச்சிருக்கான்" என்று ரோட்டைப் பார்த்துச் சொன்னாள்.

அன்று கல்லூரி முடிந்து வந்ததும் சக்கரத்தைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பல் பல்லாகத் துடைத்து மாட்டினாள். அண்ணன் கதவோரம் நின்று பார்த்தான். "அது நல்ல கிரீஸ்" என்று மட்டும் முணுமுணுத்தான்.

வெள்ளி காலை மேம்பாலத்தின் இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்தினாள். பயிற்சியில் சும்மா உருளுவதைக் கேவலமாக நினைப்பவள், குடோன் குடோனாக நாலு மிதி மிதித்துவிட்டு உருண்டாள். கிர்ர்ர். மூன்றாவது சந்தில், நீலக் கதவுக்குப் பின்னால் வழக்கு தொடங்கியது. கதவு அதிரும்படியான வழக்கு.

"உள்ள என் வக்கீல் இருக்கான், திறங்க" என்றாள் காவலாளியிடம்.

"வக்கீலா? இங்க சரக்குதாம்மா இருக்கு."

"குரைக்குதே, அது."

"கொண்டுவந்து விட்ட ஆளு வந்து சொல்லட்டும். மூணு நாளா ஒரு வாய் திங்கல, சனியன்."

மூன்று நாளில் முதல் முறையாக அண்ணனை அழைத்தாள். "வேன எடுத்துட்டு வா. இருபது நிமிஷம்."

"டெலிவரி இருக்குடி, ஒரு மணி நேரத்துல..."

"இருபது."

பத்தொன்பதாவது நிமிஷம் வந்து நின்றான். கதவு திறந்தது. வக்கீல் காலை இழுத்துக்கொண்டு வந்து, முதலில் பின்சக்கரத்தை மோந்தது, அப்புறம் அவள் கெண்டைக்காலை. முதுகுப் பையிலிருந்து ரொட்டியில் சுற்றிய மாத்திரையை எடுத்து நீட்டினாள். மூன்று நாள் காலையிலும் மாத்திரை அந்தப் பையில்தான் இருந்தது.

"சைக்கிளையும் ஏத்து, குக்கரு. களைச்சிருப்பே" என்றான் அண்ணன். அவள் காதில் வாங்கவில்லை. நாயைத் தூக்கி வேனின் பின்பக்கம் விட்டு, கம்பிவலைக் கதவைச் சாத்தினாள். ரோட்டைக் கையால் காட்டினாள்.

வேன் கிளம்பியது. வலைக்கு ஒரு கை தூரத்தில் அவள் முன்சக்கரம். முப்பது கிலோமீட்டர் வேகம். முப்பத்தைந்து. வக்கீல் முன்னங்கால்களை வலையில் ஊன்றி, துரத்தி வருகிறவளைப் பார்த்துத் தொண்டை கிழியக் குரைத்தது. அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டி, "போதுமா?" என்று கத்தினான்.

அவன் பக்கம் திரும்பாமலே, கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்து முன்னால் வீசிக் காட்டினாள்: இன்னும்.