போர் விமானத்துக்கு இரண்டு பக்கம், இரண்டு பெயிண்ட்

எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு போர் விமானம் நிற்கிறது. விருத்தாசலத்தில் பெண்ணாடம் பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னால் முழிப்பார். அந்தப் பெயரில் ஆங்கிலம் அதிகம். "பிளேனு ஒண்ணு" என்றால் உடனே டிக்கெட் கிழிப்பார்.

விமானம் வந்ததற்குக் காரணம் எங்கள் தாளாளர். அரிசி ஆலை வைத்திருந்தவர், பிறகு பள்ளிக்கூடமும் வைத்தார். எங்கேயோ ஒரு கல்லூரி வாசலில் ஓய்வுபெற்ற விமானம் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை. யாரைப் பிடித்தாரோ, எங்கே அலைந்தாரோ, கடைசியில் உடம்பு ஒரு டிரெய்லரிலும் இறக்கைகள் ஒரு லாரியிலுமாக வந்து இறங்கின. கிரேன் வைத்துப் பூட்டினார்கள். கெமிஸ்ட்ரி லேபில் பாதி பாட்டில்களுக்கு மூடி கிடையாது. அதற்கென்ன, வாசலில் ஜெட் விமானம் இருக்கிறது. பிள்ளையைச் சேர்க்க வருகிற எந்தத் தகப்பனும் லேபைக் காட்டு என்று கேட்டதில்லை. விமானத்தின் முன்னால் பிள்ளையை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு நேராக ஆபீஸுக்குப் போய்விடுவார்கள்.

அந்த விமானத்தைப் பகைவர்கள் என்ன செய்தார்களோ தெரியாது. எங்கள் ஊர் வெயில் ஒரு கை பார்த்துவிட்டது. உடம்பில் இருந்த பச்சை காய்ந்த வைக்கோலாகிவிட்டது. பழுப்பு, பழுப்பாக இருந்த ஞாபகத்தில் மட்டும் இருந்தது. மூவண்ண வட்டத்தில் வெளிவளையத்துக் காவி, பால் அதிகமாகிப்போன டீ போலத் தெரிந்தது. இந்த நிலையில்தான் ஆண்டு விழாவுக்கு விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வருவதாக ஏற்பாடானது. தாளாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் அங்கே டிராயிங் டீச்சர்.

"டீச்சர், உங்க வூட்டுக்காரரு பீங்கான் பட்டறைதான வெச்சிருக்காரு?"

"ஆமாங்க சார். பியூஸ் கேரியர் பண்றோம்."

"அப்ப கலரு பத்தி உங்களுக்கு நல்லாத் தெரியும்ல?"

"பியூஸ் கேரியர் வெள்ளைதாங்க சார்."

"வெள்ளையும் கலருதான்மா. பிளேனு பெயிண்டு வேலைய நீங்கதான் முன்ன நின்னு பாத்துக்கணும்."

என் நியமனம் இவ்வளவில் முடிந்தது. அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பீங்கான் பொம்மைப் பட்டறையில், சுடுவதற்கு முன் பூசும் கிளேஸ் அடித்தவள் நான். சூளைக்குள் வெளிறிய ஊதாவாகப் போகும் கலவை கருநீலமாக வெளியே வரும். அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, ஈரத்தில் தெரிகிற நிறத்தை நம்பக் கூடாது என்று தெரியும். அதற்கு மேல் போர் விமானம் பற்றி எனக்குத் தெரிந்தது, அது சத்தம் போடும் என்பதுதான்.

பெயிண்டர் வேப்பூரிலிருந்து வந்தார். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி பாடிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். தன் கையெழுத்து இல்லாமல் ஒரு வண்டியும் டோல்கேட்டைத் தாண்டாது என்ற பெருமை உள்ளவர். விமானத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். விரலை மடக்கி இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார்.

"டீச்சரு, பெர்மிட் நம்பர் எங்க எழுதறது?"

"இதுக்கு பெர்மிட்டெல்லாம் கெடையாதுண்ணா."

"ஓ, ஆல் இந்தியாவா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மூக்கில் இரண்டு கண் வரைந்தே ஆகவேண்டும் என்றார். கண் இல்லாத வண்டி ரோட்டுக்கு ஆகாதாம். இது ரோட்டுக்கே போகாது என்று புரியவைத்ததும், "அப்ப வால்லயாவது மயிலு?" என்று இறங்கி வந்தார். மயிலையும் மறுத்தபோது, இந்த அம்மாவிடம் வேலை செய்வது கஷ்டம் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

முதலில் கழுவினோம். போர்வெல் தண்ணீரைப் பீய்ச்சியதும் காற்று இழுக்கும் வாயிலிருந்து சருகும், வாட்டர் பாட்டில்களும், ஒற்றை ஷூவும், புளிசாதம் கட்டிய இலையும் வந்து விழுந்தன. நாட்டைக் காத்த விமானம் எங்கள் ஒன்பதாம் வகுப்பின் குப்பைத் தொட்டியாகப் பணியைத் தொடர்ந்திருக்கிறது. பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தோம். தேய்க்கத் தேய்க்க ஆணி வரிசைகள் தெரிந்தன, மங்கிப்போன சின்ன எழுத்துகள் தெரிந்தன. பெயிண்டர் இறக்கைமேல் வெறுங்காலோடு நின்றிருந்தார்.

"டீச்சரு, காலுக்குக் கீழ இங்கிலீஷ்ல இன்னாவோ எழுதியிருக்குது பாருங்க."

"இங்க மிதிக்காதேன்னு எழுதியிருக்குதுண்ணா."

அவர் பதறி ஓரமாக நகர்ந்தார். நகர்ந்த இடத்திலும் அதே எழுத்து. இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். அங்கேயும்.

"அப்ப ஓட்டுனவரு எந்த வழியா ஏறி உள்ள போனாரு?"

அந்த எழுத்துகளை அப்படியே பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன். வேலை முடிந்தபின் அதே இடத்தில் எழுதவேண்டும் என்று அப்போது எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டிருந்தது.

வெறி ஏன் வந்தது என்றால், சக்கரம் மடங்கி உள்ளே போகும் குழி ஒன்று இருக்கிறது. அதற்குள் தலையை விட்டுப் பார்த்தேன். வெயிலே படாத இடம். அங்கே பழைய பச்சை அசலாக ஒட்டிக்கொண்டிருந்தது. நான் நினைத்த பச்சையே இல்லை. கருப்பும் மஞ்சளும் கலந்த, எதையும் சொல்லாத, மழைக்கு முந்திய வேப்பமரத்து நிழல் மாதிரி ஒரு பச்சை. துளிப் பளபளப்பு இல்லை. அதைப் பிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கலக்குவேன், தகட்டில் தடவிக் காயவைப்பேன், குழிக்குள் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பேன். ஈரத்தில் சரியாக இருக்கும், காய்ந்தால் கறுத்துவிடும். பெயிண்டர் பீடி பற்றவைத்துக்கொண்டு, "கடையில டப்பாவுல பச்சைன்னு போட்டு விக்கிறானே, அது பச்சை இல்லையா?" என்று கேட்டபடி இருந்தார்.

ஒரு நாள் மதியம், குழியிலேயே பழைய பெயிண்டின்மேல் ஒரு பொட்டு வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து தேடினால் பொட்டைக் காணவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், விரலால் தடவினேன். நான் வைத்த இடம் எனக்கே தெரியவில்லை. விமானத்தின் அடி வயிற்றுக்குக் கீழே, முதுகெல்லாம் மண்ணோடு, நான் தனியாகச் சிரித்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கு அவ்வளவு சந்தோஷமான நாள் அதற்கு முன்னால் வாய்த்ததில்லை.

மைதானத்தைப் பார்த்த பக்கம் முழுக்க அந்தப் பச்சையும் பழுப்பும் அடித்து முடித்தபோது, தாளாளரின் மருமகன் வந்தார். அவர்தான் செயலாளர். சென்னையில் எம்.பி.ஏ. முடித்தவர். எதைச் சொன்னாலும் அதில் 'பிராண்டிங்' என்ற சொல் இருக்கும். கூலிங் கிளாஸைக் கழற்றிப் பார்த்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்ன மேடம், இவ்ளோ டல்லா இருக்கு? ரோட்டுல இருந்து பார்த்தா பிளேன் இருக்கறதே தெரியாதே."

"கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு அடிச்ச கலருங்க சார் அது. எதிரிக்கு."

"நமக்கு ஏது மேடம் எதிரி? பேரன்ட்ஸ்தான இருக்காங்க?"

விவகாரம் தாளாளரிடம் போனது. அவரால் மருமகனையும் விட்டுக்கொடுக்க முடியாது. நான் ஊற்றித் தீர்த்த பெயிண்டையும் வீணாக்க மனமில்லாதவர். நெல் மண்டியில் தகராறு தீர்த்த அனுபவத்தில் தீர்ப்பு சொன்னார். மைதானத்துப் பக்கம் டீச்சர் கலர். ரோட்டுப் பக்கம் மாப்பிள்ளை கலர்.

"ஒரு பிளேனுக்கு ரெண்டு கலராங்க சார்?"

"ரெண்டு பக்கத்தயும் ஒரே நேரத்துல எவன்மா பாக்கப்போறான்?"

பெயிண்டருக்கு உயிர் வந்தது. ரோட்டுப் பக்கம் மயில் நீலத்தில் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்க அடித்தார். வயிற்றில் பள்ளியின் பெயர், இறக்கையில் 'அட்மிஷன் நடைபெறுகிறது'. மூவண்ண வட்டத்தையும் எடுத்துவிட்டு அங்கே பள்ளியின் சின்னத்தைப் போடச் சொன்னார் செயலாளர். நான் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன். அது மட்டும் முடியாது என்றேன். ஆச்சரியமாகத் தாளாளர் என் பக்கம் நின்றார்.

"நாட்டு விஷயத்துல கை வெக்காதீங்க மாப்ள. வம்பாயிடும். சின்னத்த வால்ல போட்டுக்குங்க."

தேசபக்தியா, பயமா என்று நான் ஆராயவில்லை. வட்டம் பிழைத்தது. நூலைக் கட்டி வட்டமிழுத்து, வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை என்று இரண்டு பக்கமும் நானே அடித்தேன். விமானம் முழுவதும் பொதுவாக இருந்தது அது ஒன்றுதான்.

விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் மைதானத்தில் பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. ஸ்கூல் வேன் டிரைவர் நாற்காலி ஏற்றிக்கொண்டு வந்தவர், திருப்புவதற்காகப் பின்னால் எடுத்தார். டமார் என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் வேனின் பின் கண்ணாடி கீழே கிடக்கிறது, இறக்கையின் நுனி நெளிந்திருக்கிறது. டிரைவர் கீழே இறங்கினார்.

"சத்தியமா தெரியலீங்க சார். மரத்து நெழலுன்னு நெனச்சுட்டேன்."

பல வருஷமாக அதே இடத்தில் நிற்கிற விமானம். தினமும் அதைச் சுற்றித்தான் வண்டியைத் திருப்புகிறார். செயலாளர் என்னைப் பார்த்தார். தாளாளர் பேசினார்.

"டிரைவருக்குத் தெரியாத கலர எதுக்கும்மா அடிச்சீங்க?"

"அதுக்குத்தாங்க சார் அந்தக் கலரையே கண்டுபுடிச்சாங்க."

வாயை அடக்கியிருக்கலாம். ஆனால் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. என் வேலைக்குக் கிடைத்த முதல் பாராட்டு, அதுவும் வேன் கண்ணாடி உடைந்து கிடைத்த பாராட்டு. அந்தப் பெருமை ரொம்ப நேரம் நிற்கவில்லை. இனி யாரும் மோதாமல் இருக்க ஏதாவது செய்யச் சொல்லித் தாளாளர் உத்தரவு போட்டார். பெயிண்டரின் பையில் எப்போதும் ஸ்டிக்கர் இருக்கும், லாரிகளின் பின்னால் ஒட்டுகிற, வெளிச்சம் பட்டால் மின்னுகிற சிவப்பு மஞ்சள் ஸ்டிக்கர். அதை இறக்கை முழுக்க வரிசையாக ஒட்டினார். யார் கண்ணிலும் படாமல் இருக்க நான் அத்தனை பாடுபட்ட விமானம், வேப்பூர் லாரி மாதிரி ஜொலித்தது. நான் பிரதி எடுத்து எழுதிய 'மிதிக்காதே' எழுத்துகள் ஸ்டிக்கருக்கு அடியில் போயின.

சிறப்பு விருந்தினர் மறுநாள் வந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். வாசலில் இறங்கியதும் நீலப் பக்கத்தைப் பார்த்து நின்றார். மேடையில் மைக்கைப் பிடித்து, "நான் சர்வீஸ்ல இருந்த வரைக்கும் இவ்வளவு பளபளப்பா ஒரு விமானத்தைப் பார்த்ததே இல்லை" என்றார். அது உண்மைதான். பந்தல் கைதட்டலில் அதிர்ந்தது. செயலாளர் என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார்.

சாப்பாடு மைதானத்துப் பக்கம் இருந்தது. அவர் கை கழுவ வந்தபோது நான் துணிந்து பக்கத்தில் போனேன். இந்தப் பக்கத்து நிறத்தை நான்தான் கலந்தேன் என்று சொன்னேன்.

"சரியா இருக்குங்களா சார்?"

அவர் பச்சையைப் பார்த்தார். பழுப்பைப் பார்த்தார். ஸ்டிக்கர்களை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா நெனச்சுக்காதம்மா. நான் இருந்தது ரேஷன் பிரிவு. உருளைக்கிழங்கு, பருப்பு, எண்ணெய். விமானம் நிக்கிற பக்கம் நான் போனதே கொறைச்சல்." கையைத் துடைத்துக்கொண்டு, "இங்க பூரிக் கிழங்கு ரொம்ப நல்லா இருந்துச்சு. கிழங்கு எங்க வாங்குனாங்க?" என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அன்று அந்தப் பந்தலில் தனக்குத் தெரிந்ததை மட்டும் பேசியவர் அவர் ஒருவர்தான். கிழங்கு உழவர் சந்தையில் வாங்கியது என்று விசாரித்துச் சொன்னேன்.

விழா முடிந்து சில நாள் கழித்து என்னை அழைத்துப் போக வந்த என் வீட்டுக்காரர், வண்டியை மைதானத்துப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார். பீங்கானில் மயிரிழை விரிசலைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற மனிதர். நான் பையை எடுத்துக்கொண்டு வருவதற்குள் விமானத்தை ஒரு நோட்டம் விட்டிருந்தார்.

"அந்தப் பக்கம் நல்லா அடிச்சிருக்கீங்க. இந்தப் பக்கம் எப்ப அடிக்கப் போறீங்க?"

"கெளம்புங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.