ஒரே பிள்ளை படித்த பள்ளிக்கூடம்

சுகுணாவுக்கு ஊரில் வாய்க்காரி என்று பெயர். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் குச்சிக்கிழங்குக் காட்டுக்குக் கூலிக்குப் போகிறவள். புருஷன் வீரமணிக்குப் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் வந்து தலைகாட்டுவான். எட்டாவதோடு நின்றுபோனவளை ஊர்த் தொடக்கப்பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியாக்கினார்கள் என்றால் அது படிப்புக்காக இல்லை, வாய்க்காகத்தான். பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் போய்க் கத்த ஒரு ஆள் வேண்டுமே.

அவள் கத்தியதெல்லாம் மகள் தேவிப்பிரியாவுக்காக. ஐந்து வயது வரைக்கும் அந்தப் பெண்ணுக்குப் பேச்சு வரவில்லை. தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, காதில் குறையில்லை, இவளுக்கு எல்லாமே மெதுவாகத்தான் வரும், நாலு பிள்ளைகளோடு பழக விடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். விட்டாள். ஐந்து வகுப்பும் ஒரே ஹாலில், எல்லாவற்றுக்கும் ஒரே டீச்சர் லூர்துமேரி. அங்கேதான் பச்சியப்பன் மகன் இளம்பரிதி இவளைப் பிடித்துக்கொண்டான். பிரியா பந்து சொல்லு, பிரியா போடா சொல்லு என்று நாள் முழுக்க அதே வேலை அவனுக்கு. அவள் வாயிலிருந்து முதலில் வந்தது ‘போடா’தான். அதைக் கேட்டுச் சுகுணா பள்ளிக்கூட வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். டீச்சருக்கும் கண் கலங்கிவிட்டது.

அந்த வருஷம் ஊர் கூடிப் பள்ளிக்குக் கல்விச் சீர் செய்தது. சுகுணாதான் வீடு வீடாகப் போய்க் கேட்டு நடத்தினாள். மேளம் முன்னால் போக, பெண்கள் பட்டுச்சேலை கட்டி, தேங்காய் பழத் தட்டோடு, பீரோ, ஃபேன், பிளாஸ்டிக் நாற்காலி என்று வண்டியில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டு போனார்கள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக்கூட அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். படம் எடுத்து எல்லார் வாட்ஸப்பிலும் ஸ்டேட்டஸ் வைத்தாயிற்று.

அடுத்த ஜூனில் அதே வீடுகளின் வாசலில் மஞ்சள் வேன் வந்து நின்றது. மெயின் ரோட்டில் புதிதாக ஒரு இங்கிலீஷ் ஸ்கூல் திறந்திருந்தார்கள். டை, ஷூ, கழுத்தில் அட்டை. சின்னப் பிள்ளைகளுக்கு இருபத்தைந்து சதவீத இடத்துக்கு அரசாங்கமே ஃபீஸ் கட்டும் என்று வேறு சொன்னார்கள். என்ன கூத்து பாருங்கள்! அரசாங்கம் தன் பள்ளிக்கூடத்தில் டீச்சரை உட்காரவைத்துச் சோறும் போட்டுவிட்டு, அங்கே வர வேண்டிய பிள்ளைகளைத் தானே காசு கொடுத்து அடுத்த இடத்துக்கு அனுப்பி வைக்கிறது. ஊர்க்காரர்களும் சீர் செய்துவிட்டோம், கடமை தீர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள் போல. பீரோவை யார் கேட்டார்கள்? பிள்ளைகளை அல்லவா அனுப்பியிருக்க வேண்டும்!

சுகுணா வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒரு டீச்சர் அஞ்சு வகுப்பை எப்படிப் பார்ப்பார் என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான், அவளாலும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. கடைசியாகப் பச்சியப்பன் வீட்டுக்குப் போனாள். இளம்பரிதியை மட்டுமாவது விடுங்கள் என்று கெஞ்சினாள். பச்சியப்பன் நல்ல மனுஷன், கோபப்படவில்லை.

“தப்பா நெனைக்காத சுகுணா. அந்த ஸ்கூல்ல உம்புள்ளைய எடுத்திருந்தா, நீயுந்தான வேன்ல ஏத்தி உட்டிருப்ப?”

அவளுக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அது உண்மை. யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள். மே மாதத்தில் மகளுக்குத் தலைவாரிப் பூ வைத்து, அந்த ஸ்கூலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். அங்கே இருந்த மேடம் பிள்ளைக்குச் சாக்லேட் கொடுத்தார், இரண்டு கேள்வி கேட்டார். பிறகு, இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு இங்கே வசதி இல்லை என்று தன்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுவருஷம் இன்னும் கொஞ்சம் பேர் போனார்கள். அதற்கடுத்த ஜூனில் தேவிப்பிரியா மட்டும் மிஞ்சினாள். ஒரு பிள்ளை வந்தாலும் பள்ளி நடக்கும், ஒருத்தரும் இல்லாவிட்டால்தான் பூட்டுவோம் என்று கல்வி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். சுகுணா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எம்பொண்ணு இருக்கிற வரைக்கும் எவன் பூட்டுவான் பார்க்கிறேன் என்று டீக்கடையில் நின்று சவால் விட்டாள்.

காலையில் ஒரு பிள்ளைக்கு உப்புமா, மத்தியானம் ஒரு பிள்ளைக்குச் சாம்பார் சாதமும் முட்டையும். லூர்துமேரி குறையே வைக்கவில்லை. படம் வரைந்து காட்டினார், முட்டிவலியோடு பந்து விளையாடினார். ஆனால் தேவிப்பிரியாவுக்கு வந்த பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் போக ஆரம்பித்தது. முதலில் டீச்சரிடம் பேசுவதை விட்டாள். பிறகு வீட்டிலும் கையைக் காட்டிக் கேட்கத் தொடங்கினாள். ஆடி மாதத்துக்குள் வாயே திறப்பதில்லை.

ஒருநாள் மகள் சாப்பாட்டுத் தட்டை மறந்து போய்விட்டாள் என்று சுகுணா அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். காலைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கொடிக்கம்பத்துக்கு முன்னால் டீச்சர் நிற்கிறார். மகள் கை கூப்பி நிற்கிறாள். ஆனால் டீச்சருக்குப் பக்கத்தில் இல்லை, நன்றாகத் தள்ளி நிற்கிறாள். முன்னால் வரச் சொல்லி டீச்சர் கூப்பிட்டும் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். சுகுணாவுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. உயரப்படி வரிசையில் நின்ற காலத்தில் அவள் நின்ற இடம் அது. முன்னால் நிற்க வேண்டிய பிள்ளைகளுக்கு இடம் விட்டு நிற்கிறாள்.

அன்றைக்கு அவள் காட்டுக்குப் போகவில்லை. கூட்டம் முடிந்ததும் உள்ளே போய் டி.சி. கேட்டாள். லூர்துமேரி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“இவ போயிட்டா பள்ளிக்கூடமே இல்ல சுகுணா. நீங்களே இதச் செய்யலாமா?”

“நான் பள்ளிக்கூடத்தக் காப்பாத்தறேன்னு எம்புள்ளையக் கொண்டாந்து பூட்டி வெச்சுட்டனுங்க டீச்சர். போதுமுங்க.”

டீச்சர் எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போடும்போது அழுதார். அந்த வாரமே பள்ளியைப் பூட்டிவிட்டார்கள். ஊரில் சிலர், வாய்க்காரியே மூடிவிட்டாள் பார் என்று சிரித்தார்கள்.

பாப்பிரெட்டிப்பட்டி அரசுப் பள்ளியில் பிள்ளைகள் நிறைய. அங்கே சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ஆனால் பஸ்ஸில் கூட்டிப் போய், சாயங்காலம் வரைக்கும் கூடவே இருந்து, திரும்பக் கூட்டி வரவேண்டும். காட்டு வேலையை விட வேண்டியதுதான். விட்டாள்.

முதல் நாள் காலையில் இருவரும் ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றார்கள். மஞ்சள் வேன் முதலில் வந்தது. இளம்பரிதியை ஏற்றிக்கொள்ள அங்கேயே நின்றது. ஏறி உட்கார்ந்தவன் ஜன்னலில் தலையை நீட்டிக் கூப்பிட்டான்.

“பிரியா, நீயும் வா!”

“வரேன்” என்றாள் தேவிப்பிரியா.

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் பேசிய பேச்சு அது. சுகுணா திரும்பிப் பார்ப்பதற்குள் பையோடு ஓடி வேன் படியில் கால் வைத்துவிட்டாள். வேனில் இருந்த ஆயா இறங்கி, நீ இதுல இல்ல கண்ணு என்று கன்னத்தைத் தடவி, மெதுவாகத் தூக்கிக் கீழே விட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

வேன் வளைவில் திரும்பி மறைந்த பிறகும் பிள்ளை ஓயவில்லை. வரேன், வரேன், நானும் வரேன் என்று கத்திக்கொண்டே ரோட்டில் இழுத்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். மகள் ஒரு வார்த்தை பேசமாட்டாளா என்று சாமி சாமியாக வேண்டிக்கொண்ட சுகுணா, அவளைச் சேர்த்து அணைத்துப் பிடித்து, தன் கையாலேயே அவள் வாயைப் பொத்தினாள்.