பூசினாற்போல் ஒரு முகம்

என் கல்யாணப் போட்டோவில் இருப்பது நான் இல்லை. பேச்சுக்குச் சொல்லவில்லை. அந்த உருண்டைக் கன்னமும், தாடைக்குக் கீழே மடிந்து நிற்கும் சதையும், கண்ணு பட்டுவிடும் என்று ஊரே சொன்ன பொலிவும், சங்ககிரிப் பக்கத்து வைத்தியர் ஒருவர் பொட்டலம் கட்டிக் கொடுத்தது. அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, எனக்கு ஒடுங்கின முகம்தான்.

ஒன்பது வயதில் எனக்கு மூச்சிளைப்பு வந்தது. எடப்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். நெல் தூற்றினால் இளைக்கும், சோளத்தட்டுப் போர் போட்டால் இளைக்கும், மார்கழிப் பனி இறங்கினால் கேட்கவே வேண்டாம். பார்க்காத வைத்தியம் இல்லை. ஆடாதொடைக் கஷாயம் குடித்துக் குடித்து எனக்குச் சோறே கசந்தது. எழுபதுகளின் நடுவில், பதினாறு வயதில், அம்மா என்னை அந்த வைத்தியரிடம் கூட்டிப் போனாள். பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில் ஒரு பொடி கொடுத்தார். காலையில் ஒரு பொட்டலம், தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டும்.

"சுத்த மூலிகைங்க. பத்தியங்கூட வேண்டாமுங்க" என்றார்.

மூன்றாம் நாள் கிணற்றுமேட்டில் ஏறி நின்று, அடிவயிற்றிலிருந்து கத்திப் பார்த்தேன். மூச்சு வாங்கவே இல்லை. அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று தோன்றியது. கும்பிடவும் செய்தேன்.

ஐந்து வருஷம் அந்தப் பொடியைச் சாப்பிட்டேன். பசி என்றால் அப்படி ஒரு பசி. கையும் காலும் குச்சியாகவே இருக்க, சதையெல்லாம் முகத்துக்கும் வயிற்றுக்கும் போனது. வயிற்றில் ஊதா நிறத்தில் கோடு கோடாக விழுந்தது. எங்கே லேசாக இடித்துக்கொண்டாலும் கன்றிப்போய்விடும். இதெல்லாம் தாவணிக்கு உள்ளே. வெளியே தெரிந்தது முகம் மட்டும்தான். அதற்கு முன்பு என்னைப் பார்க்க வந்தவர்கள் "புள்ள நோஞ்சானா இருக்குதுங்களே" என்று பலகாரத்தைத் தின்றுவிட்டுப் போனவர்கள். இப்போதோ, "என்னம்மா, பொண்ணு பூசினாப்புல ஆயிட்டா!" என்று சொந்தக்காரர்கள் அம்மாவிடம் சொல்லச் சொல்ல, அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்ணின் கன்னத்தைப் பார்த்துத்தான் அவள் வீட்டுப் பாலையும் மோரையும் கணக்குப் போடுவார்கள். கன்னம் ரொம்பி இருந்தால் வேறு கேள்வி கிடையாது.

நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருந்த குடும்பத்திலிருந்து வந்தார்கள். பார்த்த அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார்கள். இளைப்பு என்ற பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டிருந்தாள். நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். மற்றவர்கள் என்னை ஏமாற்றிய கதையைச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும் இல்லையா?

தை மாதம் கல்யாணம். பெட்டியில் பட்டுச்சேலைக்கு அடியில் அம்மா பொட்டலங்களை அடுக்கி வைத்திருந்தாள். "யாரு கண்ணுலயும் படாம சாப்புடு சாமி. தீந்தா நான் கொண்டுவாரேன்" என்றாள். புகுந்த வீட்டில் குளியலறைக்குள் போய்ப் பொடியை வாயில் கொட்டித் தண்ணீர் குடிப்பேன். ஒரு மாதத்தில் எனக்கே அலுத்துவிட்டது. உடம்புதான் சரியாகிவிட்டதே, இந்தத் திருட்டுத்தனம் எதற்கு என்று ஒருநாள் நிறுத்திவிட்டேன்.

மூன்றாம் நாள் வாந்தி. தலை சுற்றல். சோற்று வாசம் ஆகவில்லை. என் மாமியாருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! அக்கம்பக்கத்துக்கெல்லாம் சர்க்கரை போனது. மாங்காய் வந்தது. எனக்கும் அந்த மாதம் தூரம் தள்ளிப் போயிருந்ததால் நானும் நம்பிவிட்டேன். எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் "மசக்கைன்னா அப்படித்தான் கண்ணு" என்றார்கள். நான்கு நாள் அந்த வீடு முழுக்க இல்லாத பிள்ளையைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் முட்டை பொறுக்கப் போன இடத்தில் கூடையோடு சாய்ந்தேன். முட்டை ஏற்றும் வேனிலேயே போட்டுச் சேலத்துக்குக் கொண்டு போனார்கள்.

ஊசியும் பாட்டிலும் ஏற்றி, நான் கண் திறந்த பிறகு, டாக்டர் என் கன்னத்தைப் பார்த்தார், வயிற்றுக் கோடுகளைப் பார்த்தார். "எத்தனை வருஷமா ஸ்டீராய்டு சாப்பிடறீங்க?" என்று கேட்டார்.

"இங்கிலீஷ் மருந்தே தொட்டதில்லீங்க. இளைப்புக்கு நாட்டு மருந்து மட்டுந்தானுங்க."

சொன்ன பிறகுதான் என் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்பதைக் கவனித்தேன். பெட்டியில் மிச்சமிருந்த பொட்டலங்களை எடுத்துவர அவரைத்தான் அனுப்பினார் டாக்டர். மறுநாள் பொடியைக் காகிதத்தில் கொட்டிப் பென்சிலால் கிளறினார். நாலாவது பொட்டலத்தில் சரியாக அரைபடாத ஒரு வெள்ளைத் துணுக்கு கிடைத்தது. அதன் நடுவில் நேராக ஒரு கோடு.

"நடுவுல கோடு போட்டுக் காய்க்கிற மூலிகை எதும்மா?" என்றார்.

சிரிக்கவில்லை. கோபமாகத்தான் கேட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். உடம்பே சுரக்க வேண்டிய ஒன்றை ஐந்து வருஷம் வெளியிலிருந்து கொடுத்ததால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி வேலையை மறந்து தூங்கிவிட்டது. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அதே மருந்தை மாத்திரையாகக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அதை எழுப்ப வேண்டும். முழுக்க விட்ட பிறகுதான் குழந்தையைப் பற்றி யோசிக்கலாம். "அவசரப்பட்டா மறுபடி முதல்லேருந்து" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார், "பொய் மூஞ்சியக் காட்டிக் கட்டி வெச்சுட்டாங்க" என்று என் காதுபடவே சொன்னார். என் வீட்டுக்காரர் கேட்டது ஒன்றே ஒன்று. "இளைப்புன்னு சொல்லியிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?" அதன் பிறகு அவர் என்னோடு அதிகம் பேசவில்லை. ஆனால் சுவரில் தொங்கிய தேதித்தாள் காலண்டரில், வரப்போகும் ஒவ்வொரு நாளின் தாளிலும், அன்றைக்கு எத்தனை மாத்திரை என்று பென்சிலால் எழுதி வைத்தார். நாலு. மூன்றரை. மூன்று. கோபத்தோடேயேதான் எழுதினார், எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

அரை மாத்திரைக்கு பிளேடு வேண்டும். நடுக்கோட்டில் வைத்து அழுத்தினால் இரண்டாகும். பொட்டலத்தில் பார்த்த அதே கோடு. ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் மூன்றாம் நாள் தொடங்கிவிடும். முழங்காலும் தோளும் கழன்றுவிடும் வலி. தோல் உரிந்தது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்க முடியவில்லை. கட்டிலிலிருந்து கீழே காலை வைக்கவே யோசனை பண்ண வேண்டியிருந்தது. காரணமே இல்லாமல் அழுகை வரும். பத்து நாளில் கொஞ்சம் தேறுவேன், அடுத்த அரை குறையும். ஆடி பிறந்தபோது நான் ஒரு மாத்திரைக்கு வந்திருந்தேன்.

தலை ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். அப்பா வந்து கூட்டிப் போனார். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்ற தங்கத்தோட மொகம் இப்படி வத்திப் போச்சே! சனம் என்ன சொல்லும்?" என்றாள். முக்கால் மாத்திரைக்கு இறங்கிய அந்த முதல் வாரம் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அம்மாதான் எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, மடியில் போட்டுக்கொண்டாள். அவள் மேல் இருந்த வருத்தமெல்லாம் அந்த மடியில் கரைந்துவிட்டது. வைத்தியர் ஏமாற்றியதற்கு அவள் என்ன செய்வாள் பாவம் என்று நினைத்தேன்.

பத்தாம் நாள் பசியோடு விழித்தேன். வலி பாதிக்கு மேல் போயிருந்தது. கிணற்றுமேடு வரைக்கும் நடந்தேன். சுரப்பி எழுந்துவிட்டது! எனக்கு வந்த சந்தோஷத்தில் டாக்டர் சொல்லாமலே அரை மாத்திரைக்கு இறங்கினேன். அதிலும் ஒன்றும் ஆகவில்லை. "நான் ஜெயித்துவிட்டேன், இனி நீங்கள் கோபப்பட வேண்டாம்" என்று என் வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். நான் அவருக்கு எழுதிய முதல் கடிதம் அது.

ஆடிப்பெருக்கன்று புதுச்சேலை கட்டிக்கொண்டு நின்றபோது, விருந்துக்கு வந்த ஒரு பெரியம்மா என் கன்னத்தைக் கிள்ளி, "மறுபடியும் பூசினாப்புல ஆயிட்டாளே!" என்றார். உள்ளே போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். தாடைக்குக் கீழே அந்த மடிப்பு திரும்ப வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை அம்மா கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பது அவள் வழக்கமாகியிருந்தது. பாசம் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, அவள் எழுந்து போனாள். நான் டம்ளரை அப்படியே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஆறின பிறகு மேலாக இறுத்துவிட்டுப் பார்த்தால், அடியில் பச்சையும் சாம்பலுமாக ஒரு மண்டி. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். ஐந்து வருஷம் தின்ற கசப்பு நாக்குக்கு மறந்தா போகும்?

அம்மா வந்ததும் டம்ளரை நீட்டினேன். அவள் பதறக்கூட இல்லை.

"நீ படற பாட்டப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா சாமி? பெத்த வயிறு கேக்குமா?"

"இது இங்கிலீஷ் மாத்திரைம்மா. அரைச்சுக் கலந்து ஏமாத்தியிருக்கான்."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அப்பவே தெரியும். ஆறாம் மாசமே அந்த மனுசன் சொல்லிட்டாரு, இது இங்கிலீஷ் மருந்து கலந்தது, இதுக்கு மேல குடுக்காதீங்க, ஒடம்புக்கு ஆகாதுன்னு. நாந்தான் கெஞ்சி வாங்கிட்டு வந்தேன்."

"ஏம்மா?"

என் கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். "உன்ற மொகம் ரொம்புனதுக்கப்பறந்தானே சாமி மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களே வந்தாங்க?"

அந்தக் கையைத் தட்டிவிட்டேன். வைத்தியர் என்னை ஏமாற்றியது எனக்கு அந்த நிமிஷம் பெரிதாகவே தெரியவில்லை. அவர் யாரோ. இவள் என்னைப் பெற்றவள். நாலரை வருஷம், தெரிந்தே, தினமும் காலையில், தேனில் குழைத்து ஊட்டியிருக்கிறாள். மூச்சுக்காக ஆறு மாதம், முகத்துக்காக மிச்சம் அத்தனையும்.

அன்றைக்கே கிளம்பிவிட்டேன். அப்பா தடுத்துப் பார்த்தார். ஆடியில் புதுப்பெண் சீரும் இல்லாமல் துணையும் இல்லாமல் எடப்பாடியில் பஸ் ஏறி, சங்ககிரியில் மாறி, நாமக்கல்லில் போய் இறங்கினால் என்ன பேசுவார்களோ அத்தனையும் பேசினார்கள். என் கடிதம் எனக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் அதைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மறுநாள் சேலத்துக்குக் கூட்டிப் போனார். டாக்டர் இரண்டு மாத்திரையிலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னார். வந்ததும் காலண்டரை இறக்கி, பழைய எண்களை அழித்துவிட்டு, புது எண்களை எழுதினார். இந்தத் தடவை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதினார்.

முழுக்க விடுவதற்கு அடுத்த ஆடி ஆகிவிட்டது. கால் மாத்திரை, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் கால், பிறகு காலண்டர் தாளில் ஒன்றுமே எழுதாத ஒரு நாள். மூச்சிளைப்பு திரும்ப வந்தது, அதற்கு வேறு மருந்து. ஒடுங்கின முகமும் வந்தது. மாமியார் சலித்துக்கொண்டார், பிறகு பழகிவிட்டார்.

அம்மா வீட்டுக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. ஆனால் அவள் காப்பி கொடுத்தால் வேறு டம்ளரில் இறுத்து, அடியைப் பார்த்துவிட்டுத்தான் குடித்தேன். அவள் கண் முன்னாலேயே அப்படிச் செய்தேன். அவள் பார்க்க வேண்டும் என்றே செய்தேன். மன்னிப்பு என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. கூடத்தில் அந்தக் கல்யாணப் போட்டோவைத் துடைத்துத் துடைத்து மாட்டி வைத்திருந்தாள்.

எண்பதுகளின் கடைசியில் அவள் நெஞ்சில் சளி கட்டிச் சேலத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான்தான் கூட இருந்தேன். நர்ஸ் தந்த மாத்திரையை எடுத்துக்கொண்டு கட்டில் அருகே போனேன். என் வளையல் சத்தம் கேட்டதும், கண்ணைக்கூடத் திறக்காமல், அம்மா வாயைத் திறந்தாள். என்ன மாத்திரை, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கையை நீட்டாமல் அப்படியே நின்றேன்.

"அம்மா, இது இங்கிலீஷ் மாத்திரை. நெஞ்சுச் சளிக்கு. அஞ்சு நாளைக்கு மட்டுந்தான்" என்று உரக்கச் சொன்னேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அவள் தலையாட்டும் வரைக்கும் காத்திருந்து, அதற்குப் பிறகுதான் வாயில் போட்டேன்.